ரஞ்சிதம் அண்ணி ஏரியில் விட்ட செடி

விடியற்காலையில் மருமகள் போன் செய்தாள். "அத்தை, அம்மா போயிட்டாங்க." என் வாயில் முதலில் வந்தது, "ஏரியிலியா?" என்பதுதான். "இல்ல அத்தை, தூக்கத்துலியே." பாரிவாக்கத்தில் அவரை அறிந்த நீங்களும் அதையேதான் கேட்டிருப்பீர்கள்.

என் சம்பந்தி ரஞ்சிதம் அண்ணி, குமணன்சாவடிப் பக்கம் ஒரு குட்டையிலிருந்து ஒரே ஒரு ஆகாயத்தாமரையை வாளியில் எடுத்து வந்து வீட்டுத் தொட்டியில் விட்டார். ஊதாப் பூ, இதழில் மயில்கண். முருகன் படத்துக்கென்றே பூத்தது போலிருக்கும். தொட்டி நிறைந்ததும் மிஞ்சியதை ஏரியில் விட்டார். குப்பையில் போடலாமே என்றேன். "இன்னா அண்ணி, சாமிக்குப் பூத்ததைக் குப்பையிலியா போடுவாங்க?"

சில வருடத்தில் ஏரியில் தண்ணீரே தெரியவில்லை. அது வெளிநாட்டுச் செடி, பூ அழகாயிருக்கிறதென்று யாரோ கொண்டுவந்தது என்று என் பேத்தி படித்துச் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் காலேஜ் போன முதல் பெண் அவள். அண்ணி தொட்டிப் பூவைப் பார்த்தார். பிறகு, "என்னை மாதிரி ஒருத்திதான் கொண்டாந்திருப்பா" என்றார்.

அந்த ஐப்பசி மழையை மறந்திருக்க மாட்டீர்கள். உபரி நீர் வெளியேறும் கலங்கலைச் செடி பாய் போல அடைத்துக்கொண்டது. ஏரி எங்கள் தெருப்பக்கம் திரும்பியது. அண்ணியின் தாழ்வான வீட்டில் பிரசவத்துக்கு வந்திருந்த கடைசி மகளும் பச்சைக்குழந்தையும். வாசற்படி வரை தண்ணீர். கரையில் நின்ற ஆண்கள் பாம்பு இருக்கும் என்று தயங்கினார்கள்.

"எவன் ஊட்டு செடியோ, நம்ம உயிரை வாங்குது" என்றான் ஒருவன்.

"என் ஊட்டு செடிதான் நைனா. கயிறு குடு."

இடுப்பில் கயிறு கட்டித் துறட்டுக்கோலோடு இறங்கினார். மறுமுனை என் கையில். "அண்ணி, உட்றாதீங்க!" என்று என்னிடம் சொல்லிவிட்டு இழுத்தார், அறுத்தார், மறுபடி இழுத்தார். திடீரென்று அடைப்பு மொத்தமாகப் பிய்ந்தது. அண்ணியைக் காணோம். கயிறு என் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. நான் விடவில்லை. ஆண்களும் பாய்ந்து பிடித்தார்கள். செடியோடு செடியாக மேலே வந்தவர், இருமிக்கொண்டே கேட்டார்: "தண்ணி எறங்குதா?"

இறங்கியது. அதன்பின் அண்ணி துறட்டுக்கோலோடு செடி இழுக்கக் கரைக்குப் போகாத வெள்ளிக்கிழமை இல்லை.

காரியம் முடிந்து மாலைகளை ஏரியில் விடப் போனார்கள். "வேணாம், அண்ணி கோச்சுக்குவாங்க" என்று தடுத்துத் தோட்டத்தில் புதைக்கச் சொன்னேன்.

துறட்டுக்கோலை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நேற்று கலங்கல் ஓரம் ஒரு செடி ஒதுங்கியிருந்தது. பூத்திருந்தது. அழகாகத்தான் இருந்தது. இழுத்துக் கரையில் போட்டேன்.