மாப்பிள்ளை வீட்டாருக்குத் தனி இடம்

சென்ற ஆண்டு, லிட்டில் இந்தியாவில் ஒரு கேட்டரிங் கடை மாடி. எங்கள் கல்யாணச் சாப்பாட்டை முடிவு செய்ய நான், எனக்கு நிச்சயித்த பெண், அவள் அப்பா, கடைக்கார அண்ணன் நால்வரும் இருந்தோம். அம்மா வரவில்லை. படித்தவர்கள் பேசும் இடத்தில் தனக்கு என்ன வேலை என்று சொல்லிவிட்டார்.

பெண் வீட்டார் யாழ்ப்பாண வழி, சைவம், தலைமுறையாக அரசாங்க உத்தியோகம். நாங்கள் ரப்பர் தோட்டத்து ஆட்கள். பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். இரண்டு வீட்டுப் பாரம்பரியமும் ஒரே இலையில் இருக்க வேண்டும் என்று அவர்கள் வீட்டுத் தேங்காய்ப்பால் சொதி, எங்கள் வீட்டுக் காரக்குழம்பு என்று நானே அடுக்கினேன். கோயில் மண்டபம் என்பதால் எல்லாமே சைவம். அவள் அப்பா, எனக்கு மாமாவாகப் போகிறவர், தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

கீழே போன பிறகுதான் ஹெல்மெட்டை மறந்தது தெரிந்தது. திரும்பிப் படியேறும்போது மாமாவின் குரல்.

"மாப்பிள்ளை வீட்டு ஆளுங்களுக்குத் தனியா இடம் பார்த்திருங்க தம்பி. நம்ம பாத்திரம் ஒன்னுகூட அங்க போகக்கூடாது. மாப்பிள்ளைக்கு இப்போ தெரிய வேணாம்."

ஹெல்மெட்டை எடுக்காமலே இறங்கிவிட்டேன். அதன்பிறகு எல்லாமே சந்தேகம்தான். பூர்வீக ஊர் எது என்று அவர் கேட்டது, எங்கள் வீட்டு டீயைப் பாதியில் வைத்தது, எல்லாவற்றுக்கும் சாதிதான் காரணம் என்று தோன்றியது. அவள் போன் செய்தால் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னேன். ஒரு வாரம் பொறுத்துவிட்டு, இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன், காரணத்தையும் சொன்னேன்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நான்தான்டா சம்பந்திகிட்ட கேட்டேன். தோட்டத்திலேருந்து உன் மாமனுங்க வராங்க. ஆட்டுப் பெரட்டல் இல்லாம என்னைக்கு அவனுங்க கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டிருக்கானுங்க? உன்கிட்ட சொன்னா பாரம்பரியம்னு கிளாஸ் எடுப்ப லா."

கோயில் மண்டபத்துக்குள் கறி நுழைய முடியாது. அதனால் எதிர்ச்சாரியில் வேறொரு மண்டபம், வேறு பாத்திரம், வேறு சமையல். வாழ்நாளில் கறியைத் தொடாத அந்த மனிதர் இதற்கெல்லாம் அலைந்திருக்கிறார்.

கல்யாணத்தன்று அவர் அந்த மண்டப வாசலில் நின்று, என் தாய்மாமன்களை ஒவ்வொருவராகக் கைபிடித்து உள்ளே அழைத்தார். நான் அவரைப் பற்றி என்ன நினைத்தேன் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. அவரை மாமா என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்குத்தான் உறுத்துகிறது.