முன் சீட்டில் உட்கார வைத்தேன்

எங்கள் பட்டாசுக் கம்பெனி வேனில் யாருக்குக் குமட்டினாலும் என்னைத்தான் தேடுவார்கள். என் பையில் எலுமிச்சம்பழமும் உப்பில் பிரட்டிய இஞ்சியும் எப்போதும் இருக்கும். பதினோரு வருஷமாக அந்த வேனில் போகிறேன். எனக்கு ஒருநாளும் குமட்டியதில்லை. அதில் ஒரு பெருமை.

புதிதாகச் சேர்ந்த செல்வி தினமும் காலையில் ஏழாயிரம்பண்ணை நெருங்கும்போது வாந்தி எடுத்தாள். பழத்தை முகரக் கொடுத்தேன், இஞ்சியைக் கடிக்கச் சொன்னேன், வெறும் வயிற்றோடு வருகிறாள் என்று திட்டவும் செய்தேன். எதற்கும் கேட்கவில்லை.

"முன்னால உக்காந்து ரோட்டப் பாரு புள்ள, வாந்தி நின்னுரும்" என்று ஒருநாள் அவளை டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"வேணாம்க்கா" என்றாள். நான் விடவில்லை.

வெடிவிபத்தில் இடிந்து, சுவர் மட்டும் கருகி நிற்கும் பழைய பட்டாசு ஆலை ஒன்று முன்கண்ணாடியில் தெரிந்தது. செல்வி மடியிலேயே வாந்தி எடுத்தாள். வேனை நிறுத்தச் சொல்லி, இறக்கி, முதுகைத் தடவினேன்.

"வேன் ஒத்துக்கிடாம இல்லக்கா. சாயந்திரம் வீட்டுக்குப் போகையில என்னைக்காவது எடுத்திருக்கேனா? எங்கம்மா அங்கனதான் செத்துப்போச்சு. நானும் அதே மாதிரி ஒரு ஷெட்டுக்குத்தான போறேன்? நீங்க அதப் பாத்துக்கிட்டே வரச் சொல்லுறீக."

பைக்குள் கையை விட்டேன். இஞ்சிதான் அகப்பட்டது. அதை நீட்ட வெட்கமாக இருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். இரண்டு பேரும் ஏறிக்கொண்டோம். வேறு எங்கே போவது?

இப்போது ஜன்னலோரம் நான் உட்கார்ந்து அவளை மறைத்துக்கொள்கிறேன். அந்தச் சுவரைத் தாண்டும்வரை பாதிப் பழம் அவள் மூக்கில் இருக்கும். மறுபாதி என் மூக்கில்.