செயின் கவர் சத்தம்

அழகர்கோவில் ரோட்டில் இருக்கும் எங்கள் தோட்டத்திலிருந்து புதூர் வரை தினமும் கீரை கொண்டுபோய் விற்கிறேன். இத்தனை வருடமும் ஒரே சைக்கிள்தான். வாங்கும்போதே பழசு. பெயின்ட் எல்லாம் போய்விட்டது. ஹேண்டில்பாரில் என் கை படும் இடம் மட்டும் பளபளவென்று இருக்கும். சீட்டு என் வாகுக்குக் குழிந்துவிட்டதால் வேறு யார் ஏறினாலும் ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும். அதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

கீரை விற்கிறவன் கூவ வேண்டும். எனக்கு அது வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அங்கேயும் வாத்தியார் பேர் கூப்பிடும்போது 'உள்ளேன் ஐயா' சொல்லக் கூச்சப்பட்டு, வந்த நாளிலும் வராதவனாகவே இருந்தேன். இப்போது மொபட்டில் வருகிறவர்கள் குரலைப் பதிந்து ஸ்பீக்கரில் போடுகிறார்கள். என் குரலை நானே கேட்பதும் எனக்குக் கூச்சம்தான்.

எனக்காகக் கூவியது சைக்கிள். செயின் கவரின் போல்ட் ஒன்று எப்போதோ விழுந்துபோய், அந்த இடத்தைக் கம்பியால் கட்டியிருந்தேன். ஒவ்வொரு மிதிக்கும் 'டொக்' என்று ஒரு இடி, பின்னாலேயே தகரம் அதிர்ந்து ஒரு 'கடகட'. நான் தெருமுனையில் திரும்பும்போதே பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஒரு மாடி வீட்டில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் தனியாக இருக்கிறார். முழங்கால் வலியால் படி இறங்க மாட்டார். சத்தம் கேட்டதும் கயிற்றில் கட்டிய கூடை இறங்கி வரும். அண்ணாந்து பார்க்காமலே ஒரு கட்டு அரைக்கீரை வைப்பேன்.

போன ஆயுத பூஜைக்கு முதல்நாள் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தபோது என் மனைவியின் தம்பி வந்தான். மேலூரில் மெக்கானிக்.

"இம்புட்டு நாளா ஒழைச்ச வண்டிக்குக் கழுவிப் பொட்டு வச்சா மட்டும் போதுமா மச்சான்? குடுங்க" என்று அதை ஒரு லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் கொண்டுவந்தான். புதுச் செயின், நல்ல எண்ணெய், செயின் கவருக்கு எல்லா போல்ட்டும். சந்தனம் பூசி, சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி ஓட்டினேன். பழம் நசுங்கிய சத்தம்தான் கேட்டது. எல்லோரும் அவனை மெச்சினார்கள்.

அடுத்த நாள் தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. பெல் அடித்தேன். பேப்பர் போடுகிறவரும் பெல் அடிக்கிறார், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அடிக்கிறார்கள். என் பெல்லை யார் கண்டார்கள்? டீச்சர் வீட்டுக்குக் கீழே நின்று 'கீரை' என்றேன். இருமல் மாதிரி வந்தது. எதிர்வீட்டு நாய் மட்டும் எழுந்து பார்த்தது. வெயில் ஏறி, ஈரச்சாக்கு காய்ந்து, கீரை துவண்டது. பாதிக்குமேல் ஆட்டுக்குத்தான் போட்டோம். மூன்று நாளும் அப்படியே. இன்னும் ஒரு வாரம் போனால் அந்தத் தெரு மொபட்காரர்களுக்குப் போய்விடும். போல்ட்டைக் கழற்றலாம்தான். ஆனால் மச்சினன் ஆசையாகச் செய்தது.

நான்காம் நாள், மாடியில் துணி உலர்த்த வந்த டீச்சர் என்னைப் பார்த்துவிட்டார்.

"என்னப்பா, ஒடம்புக்கு முடியலையா? மூணு நாளா வரலையே?"

"வந்தேன் டீச்சர்."

"சத்தத்தக் காணோமே?"

நான் சைக்கிளைப் பார்த்தேன். அவரும் எட்டிப் பார்த்தார். "ரிப்பேர் பாத்துட்டியாக்கும்" என்றார், ஏதோ கெட்ட சேதி கேட்டவர்போல.

அன்றே ஒரு போல்ட்டைக் கழற்றிக் கம்பி கட்டினேன். கரண்டி தட்டுவதுபோல் ஒரு சத்தம் வந்ததே தவிர, பழைய சத்தம் வரவில்லை. நான் ஸ்பேனரும் கையுமாகக் குந்தியிருந்த நேரம் பார்த்து மச்சினன் வந்து நின்றான். கழற்றிய போல்ட்டைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவனிடம் அவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை.

போல்ட்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டினான். பிறகு சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நல்லா ஓடுற வண்டியக் கெடுத்துக் குடுன்னு எங்கிட்ட யாரும் வந்ததில்ல மச்சான்."

ஸ்பேனரை வாங்கிக்கொண்டு பெடலைச் சுற்றினான். இதுவா என்று கேட்டான்.

"இன்னுங் கொஞ்சம் தளர்வா, மாப்ள."

வளைத்தான், நிமிர்த்தினான், கம்பியை மாற்றிக் கட்டினான். ஒவ்வொரு தடவையும் சமையலறையிலிருந்து என் மனைவி, இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவள் குரல் மாறியது.

"ஆங், இப்பத்தான் நீங்க வாரீக."

மறுநாள் காலையில் நான் தெருமுனை திரும்பி மாடி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள், கூடை இறங்கித் தரையில் உட்கார்ந்திருந்தது.