அரை வரி, முழுப் பேச்சு

1957 தேர்தல் முடிந்த சில வாரங்களில், ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் முன்பு பண்டிகைக் கூட்டம் நடந்தது. ஊர்க் கவுண்டர் இருந்தார். பண்டிகை வரி கட்டும் தலைக்கட்டுக்காரர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். பெண்கள் வரவில்லை, வரும் வழக்கம் இல்லை. பள்ளிக்கூட வாத்தியார் வெளியூர்க்காரர், அவரைக் கூப்பிடவில்லை. கல்யாணமாகாத நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம், ஆனால் கணக்கில் சேர்த்தி இல்லை. எங்கள் ஊரில் கல்யாணமானவன்தான் ஒரு தலைக்கட்டு. அவன் வரி கட்டுவான், கூட்டத்தில் பேச்சும் கை தூக்கும் உரிமையும் அவனுக்குத்தான்.

அன்றைக்கு முடிவாக வேண்டியது ஒரு விஷயம். காற்று மழையில் பள்ளிக்கூடத்தின் கூரை போய்விட்டது. கோடை லீவு முடிந்து திறப்பதற்குள் கூரை போடாவிட்டால் பள்ளியைப் பக்கத்து ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். பண்டிகைப் பணத்தில் கூரை போடுவதா, இரண்டு நாள் நாடகம் வைப்பதா? நாலைந்து பேர் கூடுதலாக நாடகத்தின் பக்கம் சாய்ந்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கிருஷ்ணகிரியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தேன். வயது பத்தொன்பது என்பதால் தேர்தலில் ஓட்டு இல்லை. சர்க்கார் ஓட்டுக்கு இருபத்தொன்று எதற்கு, பதினெட்டு போதாதா என்று டீக்கடையில் தினமும் வாதம் செய்துகொண்டிருந்தவன். அந்தச் சூட்டிலேயே எழுந்துவிட்டேன். பதினெட்டு முடிந்தவர்கள் நாங்களும் வரி கட்டிவிடுகிறோம், எங்களுக்கும் பேச்சு கொடுங்கள் என்றேன்.

"மொதல்ல பொண்ணு பாருடா, பேச்சு அப்பறம் பாக்கலாம்" என்றார் ஒருவர். கூட்டம் சிரித்தது.

தை மாதம் கல்யாணமான என் நண்பனைக் காட்டினேன். அவனுக்குப் பதினேழுதான், அவனுக்கு மட்டும் எப்படிப் பேச்சு?

அவனே எழுந்து, "பேச்சு எனக்குத்தாங்க. என்ன பேசணும்னு மாமனாரு சொல்லி அனுப்பறாரு" என்றான். கவுண்டருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்போதுதான் கோயில் சுவர் ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. என் சின்னம்மா. சித்தப்பா இறந்த பிறகு, வீட்டில் வேறு ஆண் இல்லாததால், வரியை அவரே கொண்டுவந்து கட்டுவார்; அன்றும் அதற்குத்தான் வந்து நின்றிருந்தார். விதவை வீட்டுக்குப் பாதி வரி என்பது ஊர் வழக்கம். அவர் மகள் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இத்தினி வருசமா அரை வரி கட்றேனுங்க. எனக்கு அரைப் பேச்சாச்சும் உண்டுங்களா?" என்று கவுண்டரைக் கேட்டார்.

"அரைப் பேச்சுன்னா வாயத் தொறக்கலாம், சத்தம் வரக்கூடாது!" என்று பின்னாலிருந்து யாரோ கிண்டல் செய்தார்கள்.

"அதத்தான இத்தினி வருசமா பண்ணிட்டு இருக்கறேன்" என்றார் சின்னம்மா. "போன மாசம் ஓட்டுக்குப் போனப்ப, நீ பாதி ஆளுன்னு சீட்டக் கிழிச்சா குடுத்தாங்க? முழு சீட்டுத்தான குடுத்தாங்க?"

கவுண்டர் பக்கத்தில் இருந்தவரிடம் கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்துவிட்டு, "முழு வரி கட்னா முழுப் பேச்சு. பசங்களுக்கும் அதேதான். போதுமா?" என்றார். சின்னம்மா கட்டமாட்டார் என்று நினைத்திருப்பார். சின்னம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து மீதிப் பாதியையும் தட்டில் வைத்தார். பிறகு நாங்கள் மூவரும் வைத்தோம்.

கை தூக்கி எண்ணியபோது கூரை ஜெயித்தது. நாடகத்தின் பக்கம் இருந்த இரண்டு பேரும் கூரைக்குக் கை தூக்கினார்கள்; அவர்கள் மனம் மாறியது சின்னம்மாவால்தான் என்று நினைக்கிறேன். என் வாதத்துக்கு யாரும் மாறவில்லை.

எனக்கு இப்போது இருபத்தொன்று முடிந்துவிட்டது. அடுத்த தேர்தலில் ஒரு காசு கட்டாமல் ஓட்டுப் போடுவேன். ஆனால் ஓட்டு வயதைப் பற்றி எங்கே வாதம் நடந்தாலும், வயதுக்கு ஒரு குறையும் இல்லாத சின்னம்மா, தன் ஊரில் முழு ஆளாவதற்குக் கூடுதலாகக் கட்டிய ஒன்றேகால் ரூபாய்தான் நினைவுக்கு வருகிறது.