லிஃப்ட் மெக்கானிக் எழுதிய கதை

லிஃப்டில் யாராவது சிக்கிக்கொண்டால், "கதவத் தட்டிக்கிட்டே இருங்க, இதோ வந்துட்டேன்!" என்று கட்டடமே அதிரக் குரல் கொடுப்பார் அந்த மெக்கானிக். வீட்டிலோ பேச்சே கிடையாது.

"வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்று சண்டை போட்டுப் பார்த்த மனைவி, கடைசியில் மனநல ஆலோசகரிடம் அவரை இழுத்துக்கொண்டு போனாள். பேச வராவிட்டால் ஒரு கதை எழுதி வரச் சொன்னார் அந்த ஆலோசகர்.

மனிதர் என்ன எழுதினார் தெரியுமா? 'லிஃப்ட் நின்றது. ஒருவர் சிக்கினார். பழுது நீக்கப்பட்டது.'

"இது ரிப்போர்ட்டுங்க," என்று சிரித்தார் ஆலோசகர். "உள்ள மாட்டினவரா இருந்து எழுதுங்க."

அடுத்த முறை இருட்டு, வியர்வை, மூச்சுமுட்டல் எல்லாம் கதையில் இருந்தன. ஆனால் சிக்கியவர் கடைசிவரை கதவைத் தட்டவே இல்லை.

"ஊரையே தட்டச் சொல்றீங்க. இவர் ஏன் தட்டல?" என்று கேட்டார் ஆலோசகர்.

"நல்லா கேட்டீங்க போங்க! சத்தம் கேட்டா அப்பா முழிச்சுக்குவாரே!"

சொன்ன பிறகுதான் அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. கதையில் அப்பா என்று ஒருவரை அவர் எழுதவே இல்லை.

மெக்கானிக் விரலை மடக்கி, மேசையில் மெல்ல ஒரு தட்டுத் தட்டினார். யாரும் அதட்டவில்லை. பிறகு இன்னும் பலமாகத் தட்டினார்.