காளைகளுக்குக் கொண்டுபோன பொங்கல்

எங்கள் வீட்டில் கடைசி ஆள் வந்து சேரும்வரை அம்மா சாப்பிட மாட்டார். அப்பா இருந்த காலத்தில் அது அப்பாவுக்காக. பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் முடித்து அவர் எந்நேரம் வந்தாலும் மேசையில் இரண்டு தட்டுகள் இருக்கும். அப்பா போன பிறகு அது எனக்காக ஆனது. பாசம், கீசம் என்று அம்மா அதற்குப் பெயர் வைத்ததில்லை. "தனியச் சாப்பிட்டா இறங்காது" என்பார், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட அம்மா நான் வருவதற்கு முன்பே தனியே சாப்பிடத் தொடங்கினார். நான் இறைச்சி மாடு வளர்ப்புப் படிக்கப் போனேன். அதுதான் விஷயம்.

முட்டைகூட வாசற்படி ஏறாத சைவ வீட்டிலிருந்து ஒருத்தி இதைப் படிக்கப் போவாளா என்று கேட்டால், எனக்கே நல்ல பதில் கிடையாது. காப்புறுதி நிறுவனமொன்றில் தொலைபேசியில் முறைப்பாடு கேட்கிற வேலை பார்த்தேன். பத்து வருடத்துக்கும் மேலாக மற்றவர்களின் கோபத்தைக் காதில் வாங்கியதற்குப் பிறகு, ஆட்குறைப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தோட்டக்கலை படிக்கலாமென்று இலண்டனின் விளிம்பிலிருக்கும் ஒரு விவசாயக் கல்லூரியைப் பார்க்கப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய இடம் மாட்டுக் கொட்டில். உள்ளே இளங்காளைகள் வைக்கோலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. நான் நின்ற நேரம் முழுவதும் அவை என்னிடம் எந்த முறைப்பாடும் சொல்லவில்லை. சிரிக்க வேண்டாம், அதற்காகத்தான் சேர்ந்தேன்.

என்னோடு படித்தவர்கள் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள். பண்ணைகளில் பிறந்து வளர்ந்தவர்கள். நான் புத்தகத்தில் தேடுவது அவர்களுடைய கைக்குத் தெரிந்திருந்தது. கெட்ட பிள்ளைகள் இல்லை. என்னைக் கண்டால் மரியாதையாக வழிவிட்டார்கள், கதவைத் திறந்து பிடித்தார்கள், ஒருவன் தவறிப்போய் என்னை 'மிஸ்' என்றுகூடக் கூப்பிட்டான். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. மதியம் அவர்கள் கூட்டமாகக் கன்டீனுக்குப் போவார்கள். நான் வைக்கோல் கட்டொன்றின் மேல் உட்கார்ந்து புட்டும் சம்பலும் சாப்பிடுவேன். தூரத்தில் நெடுஞ்சாலை இரைந்துகொண்டேயிருக்கும். இத்தனை பேர் எங்கேயோ போகிறார்களே, ஒருவருக்கும் என்னைத் தெரியாதே என்று தோன்றும்.

எங்களுக்குப் பாடமெடுத்தவர் நெடுத்த, சிடுசிடுத்த பெண்மணி. மாட்டின் இடுப்பெலும்பையும் வால் அடியையும் கையால் அழுத்திப் பார்த்து அதன் உடல்நிலையைச் சொல்லப் பழக்கினார். தீனியைத் திடீரென மாற்றாதே, இரைப்பை புளித்துச் சாகும் என்றார். பின்னால் நின்று விரட்டாதே, தோளுக்கு நேரே நின்று ஓரடி நகர்ந்தால் போதும், அதுவாக நடக்கும் என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, மாட்டை ஒருபோதும் தனியே நிறுத்தாதே என்றார். மந்தையைப் பிரிந்த மாடு முன்னால் தீனி குவிந்திருந்தாலும் தலையைத் தூக்கி நின்று கத்தும். அதை எழுதிக்கொண்டிருந்தபோது என் கண் கலங்கியது. பக்கத்துப் பிள்ளை வைக்கோல் தூசியென்று நினைத்துக் கண் துடைக்க ஒரு ரிஷ்யூத் தாள் தந்தாள்.

வீட்டில் முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சிக்கல் ஆர்ச்வே முருகன் கோயிலில் வந்தது. அன்னதான வரிசையில் நின்ற ஒரு அன்ரி, "மகள் இப்ப என்ன செய்யிறா?" என்று கேட்டார். அம்மா கண்ணை மூடித் திறப்பதற்குள், "மிருக டொக்டருக்குப் படிக்கிறா" என்றார். அன்ரி என் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரயிலில் திரும்பும்போது, "ஏனம்மா பொய் சொன்னீங்கள்?" என்றேன்.

"வேறை என்னத்தைச் சொல்லுறது? மாடு வெட்டப் படிக்கிறாள் எண்டே?"

"வெட்டப் படிக்கேல்லை. வளக்கப் படிக்கிறன். நீங்கள் காலமை குடிக்கிற பால் தேத்தண்ணி எங்கையிருந்து வருது? பால் மாடு ஆண்கண்டு போட்டா அது எங்கை போகுமெண்டு நினைச்சீங்கள்? எங்கடை கொட்டில்லை நிக்கிறது எல்லாம் அதுகள்தான்."

சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. இன்றைக்கும் அதில் நிற்கிறேன். ஆனால் அம்மா, இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாத யன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த நாள் காலையிலிருந்து வெறும் தேத்தண்ணி குடித்தார். அன்று மாலை நான் வந்தபோது மேசையில் ஒரு தட்டுத்தான் இருந்தது, இன்னொரு தட்டால் மூடி. அம்மாவின் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

சாப்பாட்டில் குறையொன்றும் இல்லை. கத்தரிக்காய்க் குழம்பு வழமையான ருசி, சோறு சூடு ஆறாமல் இருக்கும். அதுதான் எனக்கு எரிச்சல். உப்பைக் கூட்டிப் போட்டிருந்தால்கூடச் சண்டை பிடித்திருப்பேன். மேலே அம்மாவின் அறையில் தொலைக்காட்சி நாடகத்தில் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள். நான் கீழே நின்றபடியே விழுங்கிவிட்டுப் படுக்கப் போவேன். ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிடுகிற இருவர் இவ்வளவு தனியாக இருக்கலாமென்று அந்தக் குளிர்காலத்தில்தான் கண்டேன். அம்மா மறுபடி எனக்காகக் காத்திருக்க வேண்டும். வேறெதுவும் வேண்டாம், சான்றிதழ்கூட வேண்டாம் என்று பல நாள் நினைத்தேன். ஆனால் காலையில் எழுந்து கொட்டிலுக்குப் போகாமல் இருக்கவும் என்னால் முடியவில்லை.

எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு காளையைக் கவனிக்கத் தந்திருந்தார்கள். என்னுடையது செந்நிறம், முகம் மட்டும் வெள்ளை. தீனி அளந்து போடுவது, நிறை பார்ப்பது, நொண்டுகிறதா என்று பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. அது நன்றாகத் தேறியது. நன்றாகத் தேறினால் என்ன நடக்குமென்பதும் எனக்குத் தெரியும்.

தைப்பொங்கலன்று மாலை நான் வாசலில் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் வந்து நின்றார்.

"அதுகள் எப்ப போகுது?"

அத்தனை மாதத்தில் அம்மா மாடுகளைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. "வாற வியாழன், அம்மா" என்றேன். அவர் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் பட்டிப் பொங்கல். எங்கள் ஆட்கள் மாட்டுக்குப் பொங்கிப் படைக்கிற நாள். இலண்டனில் யாரிடம் மாடு இருக்கிறது? காலையில் நான் புறப்படும்போது, மூடி போட்ட எவர்சில்வர் சட்டியொன்றை அம்மா என் கையில் தந்தார். சூடாக இருந்தது. சர்க்கரையும் பயறும் மணத்தன.

"பசும்பால் விடேல்லை, தேங்காய்ப்பால்தான்" என்றார். "அதுகளுக்குக் குடு. ஒருத்தரும் அதுகளுக்கு ஒரு பொங்கல் பொங்கியிருக்க மாட்டினம்." பிறகு ஒரு சின்னத் துண்டு ஈயத்தாளில் மடித்த சந்தனத்தையும் தந்தார்.

சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஆனால் ஒரு சிக்கல். சமையல் நடக்கும் வீட்டுக் குசினிக்குள் போய்வந்த எந்த உணவையும் பண்ணை மாட்டுக்குக் கொடுக்கக் கூடாது. நோய் பரவுமென்று இந்த நாட்டில் சட்டமே இருக்கிறது. எங்களுடையதைப் போன்ற சைவக் குசினிக்கும் விலக்கில்லை. முதல் வாரமே படித்த பாடம். அதை வாசலில் வைத்து அம்மாவிடம் எப்படிச் சொல்வது? "சரியம்மா, போயிட்டு வாறன்" என்று மட்டும் சொன்னேன்.

ரயிலிலும் பஸ்ஸிலும் அந்தச் சட்டியை மடியில் வைத்திருந்தேன். கொட்டிலில் யாருமில்லை. கம்பிக்கு வெளியே நின்று மூடியைத் திறந்ததும் வெள்ளை முகம் முன்னால் வந்து, நீண்ட சாம்பல் நாக்கை நீட்டியது. ஒரு பிடி கொடுத்தால் யாருக்குத் தெரியப் போகிறது? கை எழும்பத்தான் செய்தது. ஆனால் இந்தக் காளைக்கு நான் ஒழுங்காகச் செய்துகொடுத்தது அதன் தீனியொன்றுதான். அதற்காகத்தானே வீட்டில் ஒரு தட்டோடு இருக்கிறேன். அதையும் கடைசி வாரத்தில் பிழையாக்க மனம் வரவில்லை. கொட்டிலைவிட்டு வெளியே வந்தேன்.

திருப்பிக் கொண்டுபோகவும் ஏலாது. படைக்கப் போன பொங்கல் தீண்டப்படாமல் திரும்பினால் அம்மா என்ன நினைப்பார்? மதியம் வழமையான இடத்தில் உட்கார்ந்து நானே சாப்பிட்டேன். இரண்டு பேருக்குப் போதுமான பொங்கல். குளிரில் இறுகிப் போயிருந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

ஆசிரியை வந்து சட்டியைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். சந்தனத்தைக் காட்டி, காளையின் நெற்றியில் ஒரு பொட்டு வைக்கலாமா என்று கேட்டேன்.

"வை. ஆனால் வியாழனுக்கு முன்னால் கழுவிவிடு. அழுக்கோடு லொறியில் ஏற்ற விடமாட்டார்கள்" என்றார்.

வைத்தேன். வெள்ளை நெற்றியில் சந்தனத்தின் மஞ்சள் சரியாகத் தெரியவேயில்லை.

வீட்டுக்கு வந்தபோது மேலே தொலைக்காட்சிச் சத்தம் இல்லை. அம்மா மேசைக்குப் பக்கத்தில் இருந்தார். இரண்டு தட்டுகள் இருந்தன. இரண்டும் வெறுந்தட்டுகள்.

"சாப்பிட்டதுகளோ?"

"இல்லையம்மா. வீட்டுச் சாப்பாடு அதுகளுக்குக் குடுக்க ஏலாது. சட்டம். பொட்டு மட்டும் வைச்சனான்."

அம்மா சட்டியை வாங்கி மூடியைத் திறந்து பார்த்தார். "அப்ப இது?"

"நான்தான் சாப்பிட்டன்."

"முழுக்கவோ? தனியவோ?"

"ஓம்."

"இறங்கினதோ?"

"இல்லை" என்றேன்.

அம்மா எழும்பி என் தட்டில் சோற்றைப் போட்டார். தன் தட்டிலும் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தார். பொங்கல் இன்னமும் நெஞ்சுவரை நின்றது. அம்மா போடப் போட நான் சாப்பிட்டேன்.