பிரிக்காமல் வைத்த நாற்காலி

உங்கள் பத்திரிகைக்கு எழுதச் சொன்னீர்கள்; எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும், மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பட்டாளத்துக்காரரின் மகளுக்கு நடக்க வராது. முன்னாள் படைவீரர் சங்கத்தார் அவளை அளவெடுத்து, இனாமாகச் சக்கர நாற்காலி செய்து, பெட்டியில் கட்டிக் கொடுத்தார்கள். "அவ அப்பா லீவுல வந்து உக்கார வைக்கட்டும் தாயி, பிரிச்சிராத" என்று அவள் அம்மாவிடம் சொன்னது நான்தான். லீவு தள்ளிக்கொண்டே போனது. அவர் வந்து பிரித்தபோது பிள்ளை வளர்ந்திருந்தாள், நாற்காலி கொள்ளவில்லை. நான் கூசிப்போய் நின்றேன்.

அவர் சிரித்தார். "எம்மவ எம்புட்டு வளந்துட்டா, பாத்தியளா ஆச்சி!"

அன்று சாயங்காலமே அவளைத் தூக்கிக்கொண்டு போய் எங்கள் ஊர் ஆற்றில் இறங்கினார். அவர் கைகளின்மேல் அவள் கண்மூடி மிதந்தாள். தலைமுடி மட்டும் நீரோட்டத்தோடு பையப் போய்க்கொண்டிருந்தது.

சங்கத்தார் மறுபடி அளவெடுத்துப் போனார்கள். பெரிய நாற்காலியை வந்த அன்றே பிரித்தோம். அப்போது அவளுக்கு ஒன்பது வயதா, பத்தா? அவள் அம்மாவிடம் கேட்டுத் திருத்திவிடுங்கள்.